சிவப்பு ஒளி பட்டால் நரம்பு வளருமா?

கால் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இப்போதெல்லாம் ஒரு பதில் வந்துவிடுகிறது: “சிவப்பு ஒளி காட்டிப் பாருங்கள், செத்த நரம்பும் திரும்ப வளரும்.” உடனே இன்னொருவர், “அதெல்லாம் வெறும் சிவப்பு பல்பு, காசு பிடுங்கும் வேலை” என்பார். இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள். ஒளி உயிரணுக்களுக்குள் சில மாற்றங்களைச் செய்கிறது என்பதற்கு ஆய்வகத்தில் நல்ல சான்று இருக்கிறது. அதை வைத்து, மரத்துப்போன பாதத்துக்கு உணர்வு திரும்பிவிடும் என்று சொல்வது வேறு விஷயம். இரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம் கிடக்கிறது; அதைத்தான் பலரும் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறார்கள்.

“ஒளி நரம்பைக் குணமாக்கும்” என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒளி அந்த நரம்பு வரை போய்ச் சேர்கிறதா? சேர்ந்தால் அங்கே என்ன செய்கிறது? அதனால் நரம்பு உண்மையிலேயே சீராகிறதா? முதல் கேள்விக்கு ஒரு டார்ச் போதும்.

## உள்ளங்கைக்குள் ஒரு டார்ச்

இருட்டறையில் டார்ச்சை எரியவிட்டு உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்குகள் செக்கச்செவேல் என்று ஒளிரும். டார்ச்சில் இருந்து புறப்பட்டது வெள்ளை வெளிச்சம். அதில் எல்லா நிறமும் உண்டு. மறுபக்கம் வந்தது சிவப்பு மட்டும். மற்ற நிறங்கள் எங்கே போயின? நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டுவிட்டது. சிவப்பை அது அவ்வளவாக உறிஞ்சுவதில்லை, விட்டுவிடுகிறது. சிகிச்சைக்கு ஏன் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு முதல் காரணம் இவ்வளவுதான்: உடம்புக்குள் கொஞ்சமாவது நுழையக்கூடிய நிறம் அது.

ஒளியின் நிறத்தை அலைநீளத்தால் அளக்கிறார்கள். அதாவது ஒளி அலையின் ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். அளவுகோல் நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 400 முதல் 700 வரை. சிகிச்சைக் கருவிகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு கூட்டம்: 630 முதல் 670 வரையிலான சிவப்பு, 800 முதல் 900 வரையிலான அண்மை அகச்சிவப்பு. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. கருவியில் பாதி விளக்கு எரியவில்லை என்று புகார் சொல்பவர்கள் பலர் இதை அறியாதவர்கள்தான். டிவி ரிமோட்டின் நுனியில் இருந்து வருவதும் இந்த ரகத்து ஒளியே.

அண்மை அகச்சிவப்பு, சிவப்பைவிடச் சற்று ஆழமாகப் போகும். அப்படியானால் அலைநீளத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். முடியாது. 950ஐத் தாண்டத் தாண்ட உடம்பில் உள்ள தண்ணீர் அந்த ஒளியை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. ஒருபக்கம் ரத்தம் அடைக்கிறது, மறுபக்கம் தண்ணீர் அடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது.

டார்ச் சோதனையில் இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். கை ஒளிர்ந்ததே தவிர, உள்ளே உள்ள எலும்பின் நிழல் தெரியவில்லை. பனிமூட்டத்தில் வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டால் நேரே போக வேண்டிய வெளிச்சம் நாலாபக்கமும் கலைந்து வெண்படலமாகப் பரவுமே, சதைக்குள்ளும் அதுவே நடக்கிறது. ஒளி நேர்கோட்டில் போவதில்லை. செல்லுக்குச் செல் மோதிச் சிதறுகிறது. உள்ளே போகப் போக, ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் மிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். சிவப்பு பெரும்பாலும் சில மில்லிமீட்டரிலேயே தேய்ந்துவிடுகிறது. அண்மை அகச்சிவப்பில் ஒரு சிறு பங்கு சென்டிமீட்டர் கணக்கில் இறங்கும், ஆனால் அது சிறு பங்குதான். தோலின் கருமை கூடினால் மேலேயே உறிஞ்சப்படும் அளவும் கூடும். கொழுப்பும் தசையும் தடிமனாக இருந்தால் அதுவும் கழிவுதான்.

இப்போது நரம்புகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மணிக்கட்டில் ஓடும் நரம்பு தோலுக்கு மிக அருகில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருக்கிறது. காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்போ பிட்டத் தசைக்கு அடியில் பல சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே கருவி, ஒரே பத்து நிமிடம் என்று சொன்னால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. எலியிடமும் இதே சயாட்டிக் நரம்பில்தான் சோதிக்கிறார்கள். எலியின் தொடை மொத்தமே எவ்வளவு தடிமன்? எலியில் கிடைத்த வெற்றி மனிதனிடம் அப்படியே வராததற்கு, நரம்பியல் காரணங்களுக்கு முன்பாகவே, இந்த வெறும் தடிமன் கணக்கு ஒன்று குறுக்கே நிற்கிறது.

ஆக இதுவரை: சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் உடம்புக்குள் நுழையும், ஆனால் ஆழத்தில் வேகமாகத் தேயும். மேலோட்டமான நரம்பு எட்டக்கூடியது. ஆழமான நரம்பு பெரும்பாலும் எட்டாதது.

## நரம்பு வெறும் கம்பி அல்ல

நரம்பை மின்கம்பியோடு ஒப்பிடுவது வழக்கம். உள்ளே செய்தி ஓடும் இழை. அதற்கு ஆக்சான் என்று பெயர். மேலே உறை, அது மயலின். உறை நன்றாக இருந்தால் செய்தி விரைவாகப் போகும், உரிந்தால் தடுமாறும். இதுவரை ஒப்புமை சரி.

ஆனால் கம்பி உயிரற்றது. ஆக்சான் ஓர் உயிரணுவின் நீண்ட கை. அந்த உயிரணுவின் உடல் தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ இருக்கும்; கை மட்டும் கால் விரல் வரை நீளும். உயரமான ஒருவருக்கு ஒரே உயிரணு ஒரு மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது என்றால் அதன் குடும்பச் செலவை யோசியுங்கள். பழுதுபார்க்கும் புரதங்களில் பெரும்பாலானவை முதுகருகே தயாராகி, இழை நெடுகச் சுமந்துசெல்லப்பட்டு, பாதத்துக்கு வந்து சேர வேண்டும். சர்க்கரை நோய் போன்ற பொதுவான கோளாறுகளில் முதலில் கால் விரல்கள் மரத்துப்போவது இதனால்தான்: விநியோகத்தில் குறை வந்தால் கடைக்கோடி வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். பாதத்தில் ஒளி காட்டுகிறவர் அந்தக் கடைக்கோடிக்குத்தான் காட்டுகிறார். தலைமைத் தொட்டி முதுகருகே இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காயமும் ஒரே ரகம் இல்லை. ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1943இல் வகுத்த மூன்று படிகள் இன்றும் பயன்படுகின்றன. முதல் படியில் இழை அறுவதில்லை. அழுத்தத்தால் செய்தி தடைபட்டிருக்கும், நாட்களிலோ வாரங்களிலோ தானாகச் சரியாகும். இரண்டாவதில் உள்ளிழை அறுந்திருக்கும், அது ஓடிய குழாய் முழுதாக இருக்கும். மூன்றாவதில் குழாயோடு சேர்ந்து எல்லாமே துண்டாகியிருக்கும். இங்கே தையல் போட்டு இணைக்கும் அறுவை சிகிச்சை இல்லாமல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இழை அறுந்தால் என்ன ஆகும்? அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து எழுதினார்: வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி, தாய் உயிரணுவோடு தொடர்பற்றுப்போய், துண்டு துண்டாகச் சிதைகிறது. அதன் பிறகு நடப்பது அழகான வேலை. மயலின் உறையைச் செய்யும் ஷ்வான் செல்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு, சிதைவுகளை அப்புறப்படுத்தி, வரிசையாக நின்று புது இழைக்கு வழி அமைத்துத் தருகின்றன. வெட்டுக்கு மேலே உயிரோடு இருக்கும் இழையில் இருந்து புது முளை கிளம்பி அந்த வழியைப் பிடித்து நகர்கிறது. வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கை அருகே அறுந்த இழை விரல் நுனியை எட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம்.

அதுவரை மறுமுனை காத்திருக்குமா என்பது அடுத்த சிக்கல். நரம்பு வராத தசை மெலியத் தொடங்கும். ஒன்று, ஒன்றரை வருடம் கடந்தால் புது இழை வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் தசை பெரும்பாலும் இருக்காது. ஷ்வான் செல்களும் நாளாக ஆக உற்சாகம் இழக்கின்றன. அதனால்தான் வளர்ச்சியை ஒரு நாளுக்கு அரை மில்லிமீட்டர் கூட்டும் எதைக் கண்டாலும் ஆராய்ச்சியாளர்களின் காது நிமிர்கிறது. இதெல்லாம் கை, கால், முகத்துக்குப் போகும் புற நரம்புகளின் கதை. மூளையிலும் தண்டுவடத்துக்குள்ளும் அறுந்த இழைகள் இப்படி வளர்வதில்லை.

சுருக்கமாக, நரம்பு தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்ளும் சக்தி உள்ளது. வேகம்தான் நத்தை வேகம். வெளியில் இருந்து எது உதவ வந்தாலும் இந்த வேலையைத்தான் முடுக்க வேண்டும்.

## செல்லுக்குள் ஒளி என்ன செய்கிறது?

இந்தத் துறை பிறந்ததே தோல்வியில் முடிந்த ஒரு சோதனையில். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரைச் செய்தார். சில வருடங்களில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் கட்டிகளைக் கரைக்க முடியுமா என்று எலிகளில் முயன்றார். கட்டி கரையவில்லை. ஆனால் சோதனைக்காக முடி மழித்த இடத்தில், ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. வெப்பத்தால் எரிக்கும் அளவுக்கு வலுவில்லாத ஒளியும் உயிருள்ள திசுவில் ஏதோ செய்கிறது என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. நெடுங்காலம் இதைக் குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை என்றார்கள். எல்.இ.டி. விளக்குகளும் இதே வேலைக்கு வந்த பிறகு ‘ஃபோட்டோபயோமாடுலேஷன்’ என்ற பெயர் நிலைத்தது: ஒளியால் உயிரணுவின் செயல்பாட்டை ஏற்றி இறக்குவது. பெயரிலேயே “இறக்குவது” இருப்பதைக் கவனியுங்கள்.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புதான் ஆற்றல் ஆலை. நாம் உண்டதையும் சுவாசித்த ஆக்சிஜனையும் கொண்டு அது ஏ.டி.பி. என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது. செல்லுக்கு அதுதான் செலவுக்காசு. அந்த ஆலையின் கடைசிக் கட்டத்தில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி நிற்கிறது. அதில் உள்ள செம்பும் இரும்பும் சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் உறிஞ்சக்கூடியவை. அடிபட்ட செல்லில் நைட்ரிக் ஆக்சைடு இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கிறது. ஓடும் சக்கரத்தில் சிக்கிய கூழாங்கல் மாதிரி. ஒளி பட்டால் கல் தெறித்துவிழும், சக்கரம் பழையபடி சுழலும், ஏ.டி.பி. கூடும். ரஷ்ய விஞ்ஞானி தீனா காருவும் அவருக்குப் பின் வந்தவர்களும் வளர்த்தெடுத்த விளக்கம் இது.

கேட்க நன்றாக இருக்கிறது. பாதியாவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த நொதி இல்லாத செல்களும் சிவப்பு ஒளிக்கு எதிர்வினை காட்டிய ஆய்வக முடிவுகள் உண்டு. அப்படியென்றால் ஒளியை வாங்கும் கதவு இது ஒன்று மட்டும் அல்ல. விளம்பரங்களில் இந்த நொதிப் படத்தைப் போட்டு அம்புக்குறி வரைந்து முடித்துவிடுவார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சல் வரும். நல்ல கருதுகோளுக்கும் முடிந்த விடைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செடி ஒளியை உணவாக்குவது போல நம் செல்கள் ஒளியைத் தின்பதில்லை. ஒளி இங்கே விறகு இல்லை, சாவி. சூடும் இல்லை, வெந்நீர் ஒத்தடமோ வெப்ப விளக்கோ தருகிற இதம் வேறு கணக்கு.

எலிகளின் சயாட்டிக் நரம்பை நசுக்கிவிட்டு ஒளி காட்டிய ஆய்வுகள் ஏராளம். பலவற்றில் ஒளி பட்ட எலிகள் சீக்கிரம் ஒழுங்காக நடந்தன, மயலின் தடிமன் கூடியது, ஷ்வான் செல்கள் சுறுசுறுப்பாயின. சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஆளுக்கொரு அலைநீளம், ஆளுக்கொரு அளவு என்பதால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்ப்பதே சிரமம்.

## அளவுக்கு மிஞ்சினால்

அளவு என்றதும் எல்லோரும் நிமிடத்தைச் சொல்கிறார்கள். நிமிடம் மட்டும் ஒன்றும் சொல்லாது. குழாயடியில் குடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று சொன்னால், எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று தெரியுமா? குழாயின் வேகம் தெரிய வேண்டும். ஒளியில் அந்த வேகம், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பது. அதை விநாடியால் பெருக்கினால் மொத்த அளவு ஜூல் என்ற ஆற்றல் அலகில் கிடைக்கும். 50 மில்லிவாட் வீதம் 60 விநாடி விழுந்தால் 3,000 மில்லிஜூல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 3 ஜூல். கருவியைத் தள்ளிவைத்தால் வேகம் குறையும். பெட்டியில் அச்சிட்ட எண் எந்தத் தூரத்தில் அளந்தது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. இந்தக் கணக்கும் தோல் வரைக்குமானது. நரம்பை எட்டியது எவ்வளவு என்பது, மேலே பார்த்தபடி, வேறு கதை.

அடுத்தது, பலருக்கும் தெரியாத விஷயம். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடிக்கொண்டே போவதில்லை. மிகக் குறைவாக இருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு நடுவளவில் முடுக்கம். அதைத் தாண்டினால் முடுக்கம் நின்று, தணிப்பு தொடங்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது இங்கே பழமொழி மட்டும் இல்லை, வரைபடத்தில் வரையக்கூடிய வளைவு. “பத்து நிமிடத்தில் பலன் இல்லை, நாற்பது நிமிடம் காட்டுகிறேன்” என்பவர் ஏணியில் ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

## வலி குறைந்தது, சரி, நரம்பு வளர்ந்ததா?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சற்று வலுவான அளவில் லேசர் ஒளி பட்டால் நரம்பில் செய்தி ஓடும் வேகம் தற்காலிகமாகக் குறைகிறது என்று விலங்குகளிலும் மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் கொஞ்ச நேரம் மந்தமானால் வலி குறையும்தானே. அது நல்ல விஷயம்; வலியோடு தூங்க முடியாதவருக்கு ஒரு மணி நேர நிம்மதி பெரிய வரம். ஆனால் அங்கே நடந்தது வளர்ச்சி இல்லை, அடக்கம். அந்த நேரத்துக்கு நரம்பின் வேலை குறைந்ததால் வந்த நிம்மதி அது.

இதைவிடக் குழப்பமான நிலையும் உண்டு. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இருந்த எரிச்சல் மெல்ல மெல்லக் காணாமல் போவது சில நேரம் குணத்தின் அடையாளம் இல்லை. வலியைச் சொல்லும் இழைகளும் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மறுபக்கம், அறுந்த நரம்பு உண்மையிலேயே வளரும்போது புது முளைகள் முரட்டுத்தனமாகச் செய்தி அனுப்பும். கூச்சமும் மின்னல் வெட்டும் கூடும். காயத்தின் வழியே விரலால் தட்டிக்கொண்டே போய், சுரீர் என்னும் இடம் மாதா மாதம் கீழே நகர்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது இதை வைத்துத்தான். ஆக வலி குறைவது கேடாகவும் இருக்கலாம், வலி கூடுவது நல்லதாகவும் இருக்கலாம். வலியை மட்டும் வைத்து நரம்பின் நிலையைச் சொல்ல முடியாது.

வேறு எதை வைத்துச் சொல்வது? பாதத்தில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைத் தொட்டால் தெரிகிறதா, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு கால் பெருவிரலில் உணரப்படுகிறதா, தசையின் வலு எப்படி, நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு வலுவாகவும் போகிறது: இவையே அளவுகோல்கள்.

சுருங்கச் சொன்னால், “எனக்கு நல்லா இருக்கு” என்பதும் “நரம்பு சீரானது” என்பதும் இரண்டு தனிச் செய்திகள். முதலாவது பொய் இல்லை. இரண்டாவதற்கு அது சான்றும் இல்லை.

## மனிதர்களிடம் சோதித்தபோது

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு 890 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி தரும், காலில் வைத்துக் கட்டும் பட்டைகள் ஒரு காலத்தில் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றன. ஆரம்ப அறிக்கைகள் பிரமாதமாக இருந்தன. பிறகு, பாதிப் பேருக்கு உண்மைக் கருவி, பாதிப் பேருக்கு ஒளி வராத போலிக் கருவி, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது என்ற முறையில் சோதித்தார்கள். 2005இல் 39 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டு கூட்டத்துக்கும் பாத உணர்வு மேம்பட்டது. ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் இல்லை. 2008இல் 69 பேர் 90 நாள் வீட்டிலேயே பயன்படுத்திய ஆய்விலும் போலியைவிட உண்மைக் கருவி மேலாக நிற்கவில்லை. இதற்கிடையில் 2006இல், இந்த வகை அகச்சிவப்புச் சிகிச்சைக்கு இனிப் பணம் தர முடியாது என்று அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் முடிவெடுத்துவிட்டது.

போலிக் கருவி வைத்தவருக்கும் ஏன் மேம்பட்டது? தினமும் பாதத்தைக் கவனிக்கிறார், மருத்துவர் அடிக்கடி விசாரிக்கிறார், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறார், எதிர்பார்ப்போடு இருக்கிறார். தவிர, பல நரம்புக் கோளாறுகள் தாமாகவே ஏறி இறங்குபவை. முகவாதம் என்று சொல்லும் பெல்ஸ் பால்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: பத்தில் ஏழு பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே முகம் முழுதாகத் திரும்பிவிடுகிறது. அந்த வாரங்களில் ஒளி காட்டியவர் ஒளியைப் புகழ்வார், எண்ணெய் தடவியவர் எண்ணெயைப் புகழ்வார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நரம்பு மெதுவாகக் குணமாவதாலேயே, நடுவில் செய்த எதற்கும் அந்தப் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் கோளாறில் ஒளி எட்டக்கூடிய ஆழம்தான். அங்கேயும் 22 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வு (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினுடையது), பயன் உண்டு என்று சொல்ல நம்பகமான சான்று போதவில்லை என்றே முடித்தது. யோசித்தால் வியப்பில்லை. நரம்பின் மேல் ஏறி நிற்கும் காலை எடுக்காமல் நரம்புக்கு எவ்வளவு தெம்பு ஊட்டினாலும் எவ்வளவு தாங்கும்?

எதிர்ப்பக்கமும் ஒரு ஆய்வு உண்டு. இஸ்ரேலில் 2007இல் வெளியானது. நீண்ட நாளாகக் குணமாகாத, முழுதாக அறுபடாத நரம்புக் காயம் உள்ள 18 பேர். போலிக் கருவியோடு ஒப்பிட்ட சோதனை. 780 நானோமீட்டர் லேசர். ஒளி பெற்றவர்களின் கை கால் அசைவு தெளிவாக மேம்பட்டது. இதைத்தான் விளம்பரங்கள் மேற்கோள் காட்டும். அவை சொல்லாமல் விடுவது இது: தினமும் 5 மணி நேரம், 21 நாள் தொடர்ந்து. அதில் 3 மணி நேரம் காயப்பட்ட நரம்பின் மேல், 2 மணி நேரம் அதற்கு உரிய தண்டுவடப் பகுதியின் மேல். தலைமைத் தொட்டி முதுகருகே இருக்கிறது என்றேனே, இவர்கள் அதையும் கணக்கில் எடுத்தவர்கள். 18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் மதிக்கத்தக்க முயற்சி. பாதத்துக்குப் பத்து நிமிடம் காட்டும் பட்டைக்கு இதைச் சான்றாக்குவதுதான் பொருந்தாது.

ஒளி உண்மையிலேயே வென்ற இடமும் ஒன்று இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சிலருக்கு வாய் முழுதும் புண்ணாகிவிடும். அதைத் தடுக்க இந்த ஒளிச் சிகிச்சையைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. வாயின் உள்தோல் மெல்லியது, ஒளி நேராக எட்டும், செல்கள் வேகமாகப் பெருகும், காட்ட வேண்டிய அளவும் வரையறுக்கப்பட்டது. பாதத்துக்குப் போகும் நரம்பில் இந்த நான்கில் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்த்தால், அங்கே பலித்தது இங்கே ஏன் தடுமாறுகிறது என்று புரியும்.

## “அங்கீகாரம் பெற்றது” என்ற முத்திரை

பெட்டிகளில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பெயர் இருக்கும். மருந்துக்குத் தரப்படும் ஒப்புதல் வேறு, இந்த ரகக் கருவிகள் பலவற்றுக்குக் கிடைக்கும் அனுமதி வேறு. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவியைப் போன்றதுதான் இதுவும் என்று காட்டினால் இந்த அனுமதி கிடைத்துவிடும். எந்தப் பயனுக்கு அனுமதி என்று படித்தால் பெரும்பாலும் தசை, மூட்டு வலி தற்காலிகமாகக் குறைய என்றுதான் இருக்கும். நரம்பு வளரும் என்று இருக்காது.

## முயன்று பார்க்க நினைப்பவருக்கு

முதலில் நரம்பு ஏன் கெட்டது என்று தெரிய வேண்டும். சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மது, சில புற்றுநோய் மருந்துகள், எங்கோ ஓர் அழுத்தம் என்று காரணங்கள் பல. பலவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவருக்கு பி12 குறையலாம். அவர் கால் மரத்ததற்குச் சர்க்கரையை மட்டும் பழி சொல்லி, ஒளி காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இழப்பது நாட்களை. பி12 குறைவை நாளாகவிட்டால் திரும்பாத சேதம் வரும்.

சில அறிகுறிகளுக்கு ஒளியைப் பற்றி யோசிக்கவே நேரம் இல்லை: திடீரென முகமோ கையோ ஒருபக்கம் தளர்வது, காலில் தொடங்கிய பலவீனம் நாட்களில் மேலேறுவது, இருக்கைப் பகுதி மரத்து, சிறுநீர் மலத்தின் கட்டுப்பாடு போவது, வெட்டுக்காயத்துக்குப் பின் விரல் அசையாமல் போவது. இவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. பெல்ஸ் பால்சிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

காரணம் தெரிந்து, அதற்கான சிகிச்சையும் நடக்கிறது, கூடவே வலிக்கு ஒளியையும் பார்க்கலாம் என்றால் பெரிதாகத் தடை சொல்ல ஒன்றும் இல்லை. சரியான அளவில் பக்கவிளைவு குறைவு. புற்றுக்கட்டி உள்ள இடத்தில் காட்ட வேண்டாம். வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். லேசரை நேராகப் பார்க்கக் கூடாது. அண்மை அகச்சிவப்பில் ஆபத்து கூடுதல், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாததைக் கண் தற்காத்துக்கொள்ளாது, இமை மூடாது. தொடங்கும் முன்பு நைலான் இழைச் சோதனையைச் செய்து எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து அதே ஆளே மறுபடி செய்து பார்ப்பது நல்லது.

கடைசியாக, மரத்துப்போன பாதத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. ஒளி சூடில்லை என்று சொன்னேன், கருவி சூடாகும். உணர்வுள்ள காலானால் சுட்டதும் தானாக இழுத்துக்கொள்ளும், மரத்த கால் அப்படியே கிடக்கும். பட்டையைத் தோலோடு கட்டிக்கொண்டு தூங்காதீர்கள். எடுத்ததும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், இல்லை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் அந்தக் கால் உங்களிடம் சொல்லாது.